முற்றத்தின் நடுவே ஒரு வரப்பு: நாஞ்சில் நாட்டுத் தோட்டங்கள் பிரிந்த கதை, சேர்ந்த கதை

நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் போற பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்தா ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வீடு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஓடு, ஒரே வயசு. முன்னாடி ரெண்டு முற்றம், ரெண்டுலயும் கொஞ்சம் வாழை, கொஞ்சம் செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. நடுவுல இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி ஒரு பழைய பலாமரம் ரெண்டு பக்கமும் நிழல் தந்துட்டு நிக்கும். சுவரை விட மரத்துக்கு வயசு அதிகம்னு பார்த்த உடனே தெரியும். அதாவது, ஒரு காலத்துல இது ஒரே முற்றம்.

இன்னைக்கு எபிசோட் அந்தச் சுவரைப் பற்றி. யார் கட்டினது, ஏன் கட்டினாங்க, கட்டினது தப்பா? இன்னைக்கு நிறைய பேர், ஊர்ல இருக்கிற வீட்டு முன்னாடி துண்டு துண்டா கிடக்கிற பாத்திகளைச் சேர்த்து ஒரே தோட்டமா ஆக்கணும்னு ஆசைப்படுறாங்க. நல்ல ஆசை. ஆனா கன்னியாகுமரி மாவட்டத்துல தோட்டத்தைச் சேர்க்கிறதுக்கும் பிரிக்கிறதுக்கும் பின்னாடி இருநூறு வருஷ அரசியல் இருக்கு. வரி, சாதி, தாய்மாமன், மகாராஜா, கோயில் எல்லாம் அதுக்குள்ள வரும்.

'விளை' என்றால் என்ன?

முதல்ல ஒரு சொல். நாகர்கோவில் மாநகராட்சிக்குள்ளேயே பெருவிளை, கட்டையன்விளை, பள்ளிவிளைன்னு ஊர்ப் பெயர்கள் இருக்கு. மாவட்டம் முழுக்க இப்படி 'விளை'யில் முடியுற பெயர்கள் ஏராளம். விளை என்றால் வயல் இல்லை. வயலுக்கு மேலே, தண்ணீர் தேங்காத மேட்டு நிலம். தென்னை, பனை, புளி, பலா, கொல்லாமரம் நிக்கிற இடம். கொல்லாமரம்னா முந்திரி. அந்த விளைக்குள்ளே ஒரு வீடு இருந்தா, திருவிதாங்கூர் கால ஆவணங்களில் அதைப் 'புரையிடம்' என்று எழுதுவார்கள். புரை என்றால் வீடு.

இங்கே ஒரு பூகோள வித்தியாசம் முக்கியம். நாஞ்சில் நாடு என்று கறாராகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய ரெண்டு தாலுகா. பழையாற்றுப் பாசனம், நெல் வயல். நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்றுதான் பொருள். அங்கே ஊர்கள் தெருத் தெருவாக இருக்கும். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனா தெரு கரைஞ்சு போயிடும். ஒவ்வொரு வீடும் தன்னோட விளைக்கு நடுவுல தனியா நிற்கும். வாசல்ல இருந்து ரோட்டுக்கு வரவே ரெண்டு மூணு பேரோட தோட்டம் வழியாத்தான் வரணும்.

அந்தத் தோட்டத்துக்குள்ள என்ன இருக்கும்? மேலே தென்னையும் கமுகும். அதுக்குக் கீழே பலா, மா, அயனி. மரத்தில் ஏறுற நல்லமிளகுக் கொடி. அதுக்கும் கீழே மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று வாழைகள். தரையில் மரச்சீனி, சேனை, சேம்பு, காய்ச்சில். இதைப் பார்க்கிற நகரத்து ஆளுக்குக் காடு மாதிரி தெரியும், பாத்தியே தெரியாது. ஆனா எது எங்கே நிக்கணும்னு வீட்டுப் பெண்களுக்குத் துல்லியமாத் தெரியும்.

1970-களில் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், தென்னைக்கு நடுவே பல அடுக்காகப் பயிர் செய்வதை விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். அங்கே வேலை செய்த பி.கே.ராமச்சந்திரன் நாயர் பிறகு உலக அளவில் வேளாண்காட்டியல் என்ற துறையை உருவாக்கியவர்களில் ஒருவரானார். அவங்க பார்த்த அடிப்படை விஷயம் எளிமையானது. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஏறக்குறைய 2 மீட்டருக்குள்ளேயே இருக்கும். ரெண்டு மரத்துக்கு நடுவுல இருக்கிற மண்ணையும், இலை வழியே இறங்கி வர்ற வெயிலையும் வேற பயிர் எடுத்துக்கலாம். அப்போ விளை என்பது தனித்தனி பாத்திகளின் தொகுப்பு கிடையாது. வேர்கள் மண்ணையும் இலைகள் வெயிலையும் பங்கு போட்டுக்கிற ஒரே தோட்டம்.

சரி. அப்படிப்பட்ட தோட்டத்தைத் துண்டு துண்டாப் பார்த்தது யாரு?

மரத்தை எண்ணிய அரசாங்கம்

முதல்ல பார்த்தது அரசாங்கம். வயலுக்கு வரி போடுறது சுலபம்: பரப்பை அளந்து, விளைச்சலைக் கணக்கிட்டா போதும். தோட்டத்துக்கு எப்படிப் போடுறது? திருவிதாங்கூர் கண்டுபிடிச்ச வழி, மரத்தை எண்ணுறது. தென்னை எத்தனை, கமுகு எத்தனை, பலா எத்தனை, பனை எத்தனை. காய்ப்பைப் பொறுத்து மரத்துக்குத் தரம். தரத்தைப் பொறுத்து வரி. இந்தக் கணக்கெடுப்புக்குக் 'கண்டெழுத்து' என்று பேர். நேர்ல கண்டு எழுதுறது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க வீட்டு முற்றத்துல ஒரு அதிகாரி வந்து நிற்கிறார். உங்களுக்கு அது ஒரு தோட்டம். அவர் கையில இருக்கிற ஏட்டுல அது 14 தென்னை, 6 பனை, ஒரு பலா. நடுவுல இருக்கிற வாழையும் சேம்பும் முக்கியமான கணக்கில் இல்லை. ஒரு புதுத் தென்னை வைக்கிறதுக்கு முன்னாடி, இது காய்ச்சா வரி ஏறுமேன்னு நீங்க யோசிக்கணும். தேக்கு மாதிரியான சில மரங்கள் ராஜமரம்; உங்க நிலத்திலேயே முளைச்சாலும் அது சர்க்காருக்குச் சொந்தம்.

இதுல சாதியைப் பொறுத்துச் சுமையும் மாறுச்சு. பனை ஏறிப் பிழைத்த நாடார்கள் மாதிரியான சமூகங்களுக்கு மரத்து மேல வரி மட்டும் போதலை. மரம் ஏற ஏணி வச்சா ஏணிக்காணம், காலில் தளை போட்டா தளைக்காணம். ஆளுக்குத் தலைவரி வேற. அந்தத் தலைவரி 1815-ல் நீக்கப்பட்டது. ஊழியம் என்ற கூலியில்லா வேலை அதுக்குப் பிறகும் தொடர்ந்தது. அடிமை முறை திருவிதாங்கூரில் சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான்.

நாஞ்சில் நாட்டில் அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் என்று ஒரு பெரிய ஆவணத் தொகுப்பு உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடிக் கண்டெடுத்தவை. ஆய்வாளர் அ.கா.பெருமாள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதியிருக்கார். அதில் நில விற்பனை இருக்கு, ஒற்றி இருக்கு, மனிதர்களை விற்ற ஓலையும் இருக்கு. இங்கே ஒருத்தருக்கு முற்றமே கிடையாது. இன்னொருத்தர் முற்றத்தோட கணக்கில் அவரே ஒரு வரி. 'பழைய காலத்துல எல்லாம் ஒண்ணா இருந்தது'ன்னு பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வச்சுக்கணும்.

ஒரே வரப்புக்குள் எத்தனை உரிமை

இரண்டாவது சிக்கல், நிலம் யாருடையது என்கிறது. மார்த்தாண்ட வர்மா காலத்துக்குப் பிறகு திருவிதாங்கூரில் பெரும்பகுதி நிலம் பண்டாரவகை, அதாவது அரசுடையது. பயிர் செய்கிறவர் குத்தகைக்காரர். இது போக ஜன்மி நிலம், தேவஸ்வம் நிலம், அரண்மனைக்குச் சொந்தமான கண்டுகிருஷி நிலம், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கான ஸ்ரீபண்டாரவகை நிலம் என்று தனித்தனி வகைகள். ஒவ்வொன்றுக்கும் வேற பாக்கி, வேற கணக்கு, வேற ஆபீஸ்.

பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மூணு விளை மூணு வகையில் இருக்கலாம். வேலியைப் பிடுங்கிச் சேர்த்தாலும் காகிதத்துல சேராது.

1865-ல் ஒரு பெரிய திருப்பம். பண்டாரப்பாட்டப் பிரகடனம். பண்டாரவகை நிலத்துக் குத்தகைக்காரங்களுக்கு முழு உரிமை, விற்கலாம், வாங்கலாம், அடமானம் வைக்கலாம். அப்போ திவானாக இருந்தவர் டி.மாதவராவ். திருவிதாங்கூர் விவசாயிகளின் மகாசாசனம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்வாங்க. கருப்பட்டி விற்றோ, சிலோன் தோட்டத்துல கூலி வேலை பார்த்தோ சேர்த்த காசுல 10 சென்ட், 20 சென்ட் விளை வாங்குற வழி இதனால் திறந்தது. தன் பேர்ல ஒரு முற்றம்! அந்தக் காலத்துல வேலி கட்டுறது எவ்வளவு பெரிய விஷயம்னு இதை வச்சுப் பார்த்தாத்தான் புரியும். தன் இடத்தைச் சுற்றி ஒருத்தர் போடுற முதல் வேலி, 'இது என்னுடையது, என்னைக் கேட்காம உள்ளே வராதே'ன்னு அவர் முதல் முறையா சொல்ற இடம்.

அப்போ பிரிவினை என்றாலே கெட்டதுன்னு சொல்ல முடியாது. இதுக்கு இன்னும் கூர்மையான உதாரணம், தாய்மாமன் தோட்டம்.

மாமன் தோட்டமும் மகன் பங்கும்

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி என்ற முறை இருந்தது. சொத்து அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகாது. மாமனிடமிருந்து சகோதரி பிள்ளைக்குப் போகும். குடும்பச் சொத்து முழுக்க ஒரே உருப்படி, பங்கு பிரிக்க முடியாது. மூத்த ஆண், அதாவது காரணவர், அதை ஆளுவார். வயலும் விளையும் முற்றமும் எல்லாம் ஒண்ணு.

கேட்க அழகா இருக்கு, இல்லையா? பிரிக்க முடியாத ஒரே தோட்டம். ஆனா அதுக்குள்ளே வாழ்ந்தவங்க பக்கத்துல இருந்து பாருங்க. காரணவர் நிலத்தை எப்படி நடத்தினாலும் இளையவங்க கேட்க முடியாது. அவர் செத்த மறுநாள், அவரோட மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டுக்கு அந்நியர். அந்த மனைவி முற்றத்துல இருபது வருஷமா வளர்த்த முருங்கையில் அவளுக்குப் பாத்தியதை கிடையாது. மகனுக்கு அப்பா பிரியப்பட்டுக் கொடுக்கிற 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு வழக்கத்தில் உண்டு, நாலில் ஒன்றுவரை. அதுவும் சண்டையில்தான் முடியும். வழக்கு, வக்கீல், கோர்ட் என்று குடும்பங்கள் கரைந்தன.

இதைத்தான் கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற கேலிக் காவியமா எழுதினார். 1910-களின் இறுதியில் பத்திரிகையில் தொடரா வந்தது. கதை சொல்றவள், ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி. சிரிக்க வச்சுக்கிட்டே அந்த முறையின் கொடுமையை அவள் வாயால் சொல்ல வைத்தார். ஒரு கவிதை நூல், ஒரு சொத்துச் சட்டத்துக்கு எதிரான பொதுக் கருத்தை உருவாக்கியது என்பது தமிழ் இலக்கியத்தில் அபூர்வமான நிகழ்ச்சி.

1925-ல் திருவிதாங்கூரில் நாயர் சட்டமும் ஈழவர் சட்டமும் வந்தன. 1926-ல், கொல்லம் ஆண்டு 1101-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம். கூட்டுச் சொத்தைப் பிரிக்கலாம், மனைவி மக்களுக்கு வாரிசுரிமை உண்டு. அவ்வளவுதான், நாஞ்சில் நாடு முழுக்க அளவுச் சங்கிலி சத்தம். பாகப்பத்திரங்கள் எழுதப்பட்டன. வீட்டு நடுவே சுவர், முற்றத்து நடுவே வரப்பு.

பஸ் ஜன்னல்ல பார்த்தது மாதிரியான சுவர்களுக்குப் பின்னாடி இப்படி ஒரு பாகப்பத்திரம் இருக்கலாம். சில இடங்களில் ஒரு மனைவியும் அவள் பிள்ளைகளும் முதல் முறையாக வெளியேற்றப்படாமல் தங்கின இடத்தின் அடையாளமே அந்தச் சுவர்தான்.

ஒரு கணக்கு

ஆனா பிரிவினைக்கு ஒரு விலை இருக்கு. ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

ஒரு ஏக்கர் விளை. 100 சென்ட். நாலு பிள்ளைகள்: ஆளுக்கு 25 சென்ட். அடுத்த தலைமுறையில் அதுவும் நாலு: ஆளுக்கு ஆறேகால் சென்ட். அதுக்கும் அடுத்து நாலு: ஆளுக்கு ஒன்றரைச் சென்ட் சொச்சம், சுமார் 680 சதுர அடி.

தென்னைக்குத் தென்னை 25 அடி இடைவெளி விடணும்னு வேளாண்மைத் துறை சொல்லும். அதாவது ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. மூணே தலைமுறையில் ஒரு ஏக்கர் தோட்டம், ஆளுக்கு ஒரு தென்னை என்ற அளவுக்கு வந்துடும். வீடு கட்ட இடம் இல்லை, வழி விட இடம் இல்லை. பல அடுக்குத் தோட்டம் என்பதெல்லாம் கதையாகிப் போகும்.

அதனாலதான் பழைய பாகப்பத்திரங்களை வாசிக்கும்போது ஒண்ணு கவனிக்கணும். நிலத்தைப் பிரிச்சவங்க பல நேரம் ரெண்டு விஷயத்தைப் பிரிக்காம விட்டாங்க: கிணறும் நடைபாதையும். பொதுக் கிணற்றில் எல்லாப் பங்காளியும் தண்ணீர் கோரலாம், பொது வழியில் எல்லாரும் நடக்கலாம் என்று தனியாக ஒரு பாரா எழுதுவாங்க. தண்ணியையும் காலடியையும் பிரிச்சா யாருக்கும் வாழ்க்கை இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும். அப்படிப் பொதுவா விட்ட ஒரு கிணறு, ஒரு வழி, ரெண்டு பக்கமும் கிளை விட்ட ஒரு பலா, இதெல்லாம்தான் பிரிஞ்ச தோட்டத்துல இன்னும் சேர்ந்தே இருக்கிற பகுதிகள்.

காகிதத்தில் ஒன்றான தோட்டம்

இனி சேர்ந்த கதை. இது முதல்ல மண்ணில் நடக்கலை, வரிக் கணக்கில் நடந்தது.

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. திருவிதாங்கூர் சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு ரங்கூனிலிருந்து வந்துகொண்டிருந்தது, அது நின்றுபோனது. ஜனங்களைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு மரச்சீனிக்கு உண்டு. 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கப்படுத்திப் பரப்பின அதே கிழங்கு. வீட்டு முற்றம், வேலியோரம், தென்னைக்கு நடுவில், எங்கெல்லாம் மண் தெரிந்ததோ அங்கெல்லாம் கம்பு நட்டார்கள். அரசாங்கம் எண்ணாமல் விட்ட நடுவிடம்தான் பஞ்ச காலத்தில் சோறு போட்டது.

1946-ல், கொல்லம் 1121-ல், திவான் சி.பி.ராமசாமி ஐயர் காலத்தில் நிலவரிப் பிரகடனம் வந்தது. இனி மரத்தை எண்ண வேண்டாம், வயல் வேறு தோட்டம் வேறு என்று பார்க்கவும் வேண்டாம். ஏக்கருக்கு 14 சக்கரம் அடிப்படை வரி, எல்லாருக்கும் ஒன்று. 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது ஏக்கருக்கு அரை ரூபாய். சி.பி.யின் அரசியலைப் பற்றி ஆயிரம் விமர்சனம் உண்டு, அதுக்குத் தனி எபிசோடே வேணும். ஆனா இந்த ஒரு விஷயத்தில், தலைமுறை தலைமுறையாக மரம் மரமாகச் சிதறிக் கிடந்த தோட்டம் அரசாங்கக் கண்ணுக்கு முதல் முறையாக ஒரே நிலமாகத் தெரிந்தது. புதுத் தென்னை வைத்தால் வரி ஏறுமே என்ற பயம் போனது.

அதிலும் விடுபட்டவை இருந்தன. ஸ்ரீபண்டாரவகை மாதிரியான சில வகைகள் வெளியிலேயே நின்றன. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, சென்னை அரசுக்கு வந்து சேர்ந்தது இந்தத் திருவிதாங்கூர் கந்தரகோளம்தான். 1964-ல் வரிசையாகச் சட்டங்கள் போட்டார்கள்: இணைக்கப்பட்ட பகுதிக்கான ரயத்துவாரி நிலவரித் திட்டச் சட்டம், கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை நில ஒழிப்புச் சட்டம், ஜன்மிகரம் ஒழிப்புச் சட்டம். எல்லா வகையையும் ஒரே ரயத்துவாரி முறைக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். இன்னைக்கு உங்க குடும்பத்துக்கு அங்கே ஒரு பட்டா இருந்தா, அந்த ஒற்றைத் தாளுக்குப் பின்னாடி இத்தனை வகைகள் கரைந்து போயிருக்கு.

அப்பவும் ஒரு கூட்டம் மிச்சம் இருந்தது. அடுத்தவர் விளையின் மூலையில் குடிசை போட்டு, அவர் தயவில் குடியிருந்த கூலித் தொழிலாளிகள். பல தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தும், போன்னா போகணும். 1971-ல் தமிழ்நாடு அரசு கொண்டு வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், அப்படிக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு வீடிருக்கும் மண்ணைச் சொந்தமாக்க வழி செய்தது. பெரிய விளையிலிருந்து ஒரு மூலை தனியாகப் பிரிந்தது. இதுவும் ஒரு பிரிவினைதான். இதை யாராவது குறை சொல்ல முடியுமா?

சேர்ப்பது யாருக்காக?

உலகத்துல வேற இடத்துல என்ன நடந்தது?

இங்கிலாந்தில் கிராமத்து நிலம் முன்னே கீற்றுக் கீற்றாகக் கிடந்தது. ஒவ்வொரு விவசாயிக்கும் அங்கொரு கீற்று, இங்கொரு கீற்று, ஆடு மேய்க்கப் பொது நிலம். 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு அவற்றைச் சேர்த்து வேலி கட்டியது. விளைச்சல் கூடியது உண்மை. ஆனா ஏழைகள் பசுவைக் கட்டிய, விறகு பொறுக்கிய பொது நிலமும் அந்த வேலிக்குள் போனது. துண்டுகள் சேர்ந்தன, சின்ன விவசாயி கூலியானான்.

பஞ்சாப்பில் வேற மாதிரி. 1920-21-லேயே கூட்டுறவுச் சங்கங்கள் வழியா, விவசாயிகளே உட்கார்ந்து பேசி, சிதறிய துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒரே இடமாக்கினார்கள். 1948-ல் அதுக்குச் சட்டமே வந்தது. பிறகு பசுமைப் புரட்சி அங்கே அவ்வளவு வேகமாப் போனதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ கன்னியாகுமரியில் ஏன் அப்படிச் செய்யலை? கோதுமை வயலை மாற்றிக்கொள்ளலாம். 'உன் ஒரு ஏக்கருக்கு என் ஒண்ணேகால் ஏக்கர்'னு தரம் பார்த்துச் சரி செய்யலாம். விளையை அப்படி மாற்ற முடியாது. இந்தப் பலா ஐம்பது வருஷம். அந்தத் தென்னை பாட்டி நட்டது. மூலையில் குலதெய்வத்துக்கு ஒரு பீடம், இன்னொரு மூலையில் கல்லறை. தோட்டத்தில் ஒரு சென்ட் இன்னொரு சென்டுக்குச் சமமே கிடையாது.

நடைமுறையில் கன்னியாகுமரி விளைகளைச் சேர்த்தது வேற ஒண்ணு: ரப்பர். கல்குளம், விளவங்கோடு மலையடிவாரத்தில் பல அடுக்குத் தோட்டங்கள் ஒரே மரமாயின. ஒரே வயசு, ஒரே உயரம். கையில் காசு வந்தது, பிள்ளைகள் படிச்சாங்க, அதை மறுக்க முடியாது. ஆனா நிழல் அடர்ந்த ரப்பர் மரத்தடியில் சேம்பும் சேனையும் வளராது. தோட்டம் ஒன்றானது, சமையலறைக்கு அதனால் உபயோகம் இல்லாமல் போனது. மிச்சமிருந்த முற்றத்தில் இப்போ சிமென்ட் கல் பாவி கார் நிறுத்துறோம். 2023-ல் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. சந்தோஷம். வீட்டு முற்றத்துல ஒரு மட்டிக் கன்று நிற்க இடம் இருந்தா இன்னும் சந்தோஷம்.

உங்க முற்றத்தைச் சேர்க்கிறதா இருந்தா

இவ்வளவு கதைக்கும் பிறகு, நிஜமாவே ரெண்டு பாத்தியைச் சேர்க்க நினைக்கிறவங்களுக்கு வரலாறு என்ன சொல்லுது?

முதல்ல, உரிமையைச் சேர்க்காமலேயே தோட்டத்தைச் சேர்க்கலாம். அண்ணன் பட்டா அண்ணனுக்கு, தங்கச்சி பட்டா தங்கச்சிக்கு. நடு வேலியை எடுத்துட்டு எல்லைக்கல்லை மட்டும் அப்படியே விடுங்க. கூட்டுப் பட்டாவாக மாற்றினால்தான் ஒற்றுமைன்னு நினைக்க வேண்டாம். காரணவர் காலத்து அனுபவம் அதுக்கு எதிரா நிக்குது. யார் யாருக்கு எத்தனை காய், கிணற்று மோட்டார் கரண்ட் பில் யார் கட்டுறது, இதை ஒரு தாளில் எழுதி வையுங்க. பழைய பாகப்பத்திரக்காரங்க முட்டாள்கள் இல்லை. குறிப்பா, வெளியூர்ல கட்டிக் கொடுத்த பெண்பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தா, அவங்களைக் கேட்காம வேலியில் கை வைக்கக் கூடாது.

ரெண்டாவது, எல்லா வரப்பும் சண்டையில் பிறந்தது இல்லை. சில வரப்பு தண்ணிக்காகப் போட்டது. நம்ம ஊர் சரிவு நிலம், ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊர். சரிவுக்குக் குறுக்கே போற வரப்பை எடுத்தா மேல்மண் முழுக்க ஒரே மழையில் கீழ்வீட்டுக்குப் போயிடும். சரிவோடு கூடவே இறங்குற வரப்பை எடுக்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. ஒரு நல்ல மழை நாளில் குடை பிடிச்சுட்டு நின்னு, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தா விஷயம் புரிஞ்சுடும்.

மூணாவது, நடுப்பாதை. ரெண்டு பாத்திக்கு நடுவுல வருஷக்கணக்கா மிதிபட்ட மண் கல் மாதிரி இறுகியிருக்கும். மேலே கொஞ்சம் மண்ணைப் போட்டு மூடினா சேர்ந்த மாதிரி தெரியும், வேர் இறங்காது. ஒரு முழம் ஆழத்துக்கு மண்வெட்டியால் வெட்டிக் கிளறி, சருகும் சாணமும் போட்டு, ஒரு மழைக்காலம் விடுங்க. முதல் வருஷம் அந்த இடத்தில் மரச்சீனியோ சேனையோ வைத்தால் கிழங்கு தோண்டும்போதே மண் இன்னொரு முறை இளகிடும். தென்னை நிக்கிற இடத்தைச் சுற்றி 6 அடிக்குள்ளே ஆழமா வெட்ட வேண்டாம். அது அதோட தடம்.

இந்த எபிசோடை முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பீரோவில் இருக்கிற பழைய பாகப்பத்திரத்தை எடுத்து வாசிங்க. அதுல மரங்களோட பேர் இருக்கும், எல்லைகள் இருக்கும், யார் எந்த வழியா நடக்கலாம்னு இருக்கும். அந்த வீட்டில் வாழ்ந்த யாரோட பேர் அதுல இல்லைன்னும் பாருங்க. தோட்டத்தைச் சேர்க்கிற பேச்சை அந்தப் பேர் இல்லாதவங்களோட, அல்லது அவங்க பிள்ளைகளோட, ஆரம்பிக்கலாம். அப்புறம் மண்வெட்டியை எடுக்கலாம்.